வாய்க்கால் வெட்டி வளர்த்த காடு, வாய்க்கால் வெட்டி அழித்த காடு

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வெப்பமண்டலக் காடுகள் அழிவதற்கு உண்மையான காரணம் என்ன? மக்கள்தொகை, வறுமை என்று பாடத்தில் இருக்கிறது. நிலத்தைப் பாதுகாத்தால் காடழிப்பு நிற்குமா? காடே இல்லாத டெல்டாவில் இருந்துகொண்டு இதைப் படித்து எனக்கு என்ன ஆகப் போகிறது?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், தம்பி. உங்கள் ஊரிலிருந்து முத்துப்பேட்டைக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காட்டின் (மாங்குரோவ்) ஓரத்தில் இறங்கிவிடலாம். வேதாரண்யம் வண்டியைப் பிடித்துக் கோடியக்கரை வரை போனால், சோழமண்டலக் கரையில் அரிதாகிப்போன உலர் பசுமைமாறாக் காட்டைப் பார்க்கலாம். வயலுக்கு நடுவில் நிற்பவருக்குத்தான் டெல்டாவில் காடு இல்லை என்று தோன்றும். கடைமடைக்குப் போனால் மிச்சம் இருக்கிறது.

மிச்சம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். வேதாரண்யத்தின் பழைய பெயர் திருமறைக்காடு. திருவெண்காடு, சாய்க்காடு, தலைச்சங்காடு, திருக்கொள்ளிக்காடு என்று வரிசையாகக் காடுகள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரமே அலையாத்திக் காட்டில் வளரும் மரம். கோயிலின் தல மரமும் அதுதான். இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். கரிகாலனைப் பாடிய சங்கப் புலவர், அவன் காட்டை அழித்து நாடாக்கினான், குளம் வெட்டி வளம் பெருக்கினான் என்று ஒரே மூச்சில் புகழ்கிறார். நாம் சாப்பிடும் சோறு அந்தக் காட்டின் இடத்தில் விளைந்தது. இதை நான் பழியாகச் சொல்லவில்லை. காடழிப்பை எங்கோ அமேசானில் யாரோ செய்யும் காரியமாக மட்டும் படித்தால் அது புரியவே புரியாது என்பதற்காகச் சொல்கிறேன். இன்றைக்கும் முதல் காரணம் அதேதான்: விவசாயம். உலகில் அழியும் காட்டில் ஏறக்குறைய 90 சதவீதம் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் போகிறது என்று ஐநாவின் உணவு வேளாண் அமைப்பு கணித்திருக்கிறது. 2015 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி ஹெக்டேர் காடு போனது, பெரும்பகுதி வெப்பமண்டலத்தில்.

சரி, முத்துப்பேட்டைக்கு வருவோம். காடு எப்படி அழிகிறது, எப்படித் திரும்புகிறது என்ற இரண்டையும் எனக்குக் கற்றுக்கொடுத்த இடம் அதுதான்.

அந்தக் காடு ஒரு காலத்தில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் ஏற்படுத்திய சத்திரங்களின் நிர்வாகத்தில் இருந்தது. 1937இல் வனத்துறையின் கைக்கு முழுமையாக வந்தது. ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பிறகும் அங்கே நடந்தது கூப்பு வெட்டு. காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியையும் விறகுக்காக முழுக்க வெட்டிவிட்டு, இருபது முப்பது ஆண்டில் தானாக வளர்ந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். மலைக்காட்டில் ஓரளவு பலித்த கணக்கு அது. பிச்சாவரத்திலும் இதே முறைதான், 1970கள் வரை நடந்தது. ஆனால் வெட்டிய இடங்களில் பல திரும்ப முளைக்கவில்லை. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் மாடு மேய்த்ததாலும் விறகு பொறுக்கியதாலும்தான் காடு அழிந்தது என்று வெகு காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் நடந்தது வேறு. அலையாத்தி மண் எப்போதும் ஈரமாக, நிழலில் கிடக்கும் களிமண். மரத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் வெயில் நேராக மண்ணில் விழுகிறது. ஈரம் ஆவியாகிறது, மண் சுருங்கி அமிழ்கிறது. வெட்டிய இடம் மெல்ல ஒரு தாம்பாளம் போலக் குழிந்துவிடுகிறது. ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வரும், இறங்கும்போது அந்தக் குழியில் மட்டும் தங்கிவிடும். தங்கிய நீர் வெயிலில் வற்றும், உப்பு நிற்கும். அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவரும். சில ஆண்டுகளில் அந்த மண் உப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. உப்பை எவ்வளவோ தாங்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்துக்கே அங்கே முளைக்க முடிவதில்லை, ஓரத்தில் உமரிச் செடி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே போய் எத்தனை லட்சம் கன்று நட்டாலும் சாகத்தான் செய்யும்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார். சுவாமிநாதன் கும்பகோணத்தில் பிறந்தவர், நம்ம டெல்டாக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1990களில் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து அவர்கள் செய்த வைத்தியம் கேட்க எளிமையானது: மரம் நடுவதற்கு முன் வாய்க்கால் வெட்டினார்கள். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். ஓதநீர் உள்ளே வந்து, தேங்காமல் வெளியே போனது. போகிற போக்கில் உப்பைக் கழுவிக்கொண்டு போனது. பிறகுதான் வாய்க்கால் சரிவில் விதையை ஊன்றினார்கள்.

முத்துப்பேட்டை மீனவர்களுக்கு இந்த வாய்க்கால் புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். காயலிலிருந்து வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு ஏறும் மீனைப் பிடிப்பது அங்கே பழைய தொழில். அந்த வாய்க்கால் கரைகளில் அலையாத்தி செழிப்பாக நிற்பதை அவர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காட்டை அழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட அதே மக்களிடம்தான் அதைத் திரும்பக் கொண்டுவரும் வழியும் இருந்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இனி இதே வாய்க்காலை இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோகிறேன். 1995இல் அதிபர் சுகார்த்தோ ஒரு திட்டம் அறிவித்தார். போர்னியோத் தீவின் மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்குவது. நெல் என்றதும் நமக்கு மனசு இளகும். ஆனால் அங்கே மண் களிமண் அல்ல, பீட். இலையும் தழையும் கட்டையும் தண்ணீரில் மூழ்கி, மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீட்டர் கணக்கில் படிந்த மண். அதில் 4,000 கிலோமீட்டருக்கும் மேல் வாய்க்கால் வெட்டினார்கள். நம்ம வாய்க்கால் வயலுக்குத் தண்ணீரைக் கொண்டுவரும். அந்த வாய்க்கால் காட்டின் தண்ணீரை வடித்துவிட்டது. தண்ணீர் போனதும் பீட் காய்ந்து அமிழ்ந்தது, காற்றுப் பட்டு மக்கத் தொடங்கியது, பிறகு எரிந்தது. 1997இல் பற்றிய தீயின் புகை சிங்கப்பூர், மலேசியா வரை மூடியது. சொல்லிக்கொள்ளும்படி நெல் விளையவில்லை. ஜாவாவிலிருந்து குடியேற்றப்பட்ட விவசாயிகள் பலர் கைவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் திட்டமே கைவிடப்பட்டது, வாய்க்கால் மட்டும் இன்னும் வடித்துக்கொண்டிருக்கிறது. 2015 தீயில் அந்த நாடு முழுவதும் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தபோது, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பீட் நிலம். 2016இல் பீட் நிலத்தை மீட்பதற்கென்றே அரசு ஓர் அமைப்பைத் தொடங்கியது. அதன் முதல் வேலை வாய்க்காலை அடைப்பது.

காடு என்பது மரமும் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து நடத்தும் ஒரு குடித்தனம். அதில் தண்ணீரின் போக்கை மாற்றிவிட்டால், அரிவாளே தேவையில்லை, மரம் தானாகப் போய்விடும். போக்கைத் திருப்பிக் கொடுத்தால் மரம் வரும். நிலப் பாதுகாப்பு என்று நான் சொல்வது இதைத்தான். கன்று நடும் விழாவை அல்ல.

பீட் காடு இருந்த இடத்தில் இப்போது நிறைய இடங்களில் நிற்பது எண்ணெய்ப் பனை. உலகின் பாமாயிலில் சுமார் 85 சதவீதம் இந்தோனேசியாவும் மலேசியாவும் தருகின்றன. மிக அதிகமாக இறக்குமதி செய்வது இந்தியா. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் மாதாமாதம் ஒரு லிட்டர் பாக்கெட் வாங்குகிறோமே, அது வந்த வழி அதுதான். ஏழைக் குடும்பத்தின் சமையலறையிலிருந்து அந்தப் பாக்கெட்டைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை விவசாயிகள், ரேஷனில் தேங்காய் எண்ணெயும் கொடுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அவர்கள் தோப்புகளை வேரோடு சாய்த்தது. அந்தக் கோரிக்கையைக் காடு காப்பவர்களும் சேர்ந்து கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எண்ணெய்ப் பனையே விஷம் என்றும் நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே பயிரிட்டுவந்த நிலத்தில் வைத்தால் அது ஒரு தோப்பு, அவ்வளவுதான். எந்த நிலத்தில் என்பதுதான் விஷயம்.

இப்போது உங்கள் பாடத்தில் இருக்கும் வறுமைக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவின் காங்கோ படுகையில் சிறு விவசாயிகள் காட்டை எரித்துப் பயிரிடுவதும், நகரத்துக்குக் கரி சுடுவதும் பெரிய காரணங்கள். அதை மறுக்க முடியாது. அமேசான் கதை வேறு. அங்கே அழிந்த காட்டில் மிகப் பெரும்பகுதி மாட்டு மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது. மாட்டிறைச்சியின் லாபம் மட்டும் அதற்குக் காரணமல்ல. 1970களில் டிரான்ஸ் அமேசான் நெடுஞ்சாலை போட்டபோது, காட்டை வெட்டிப் பயன்படுத்துகிறவருக்கே நிலம் என்பது நடைமுறையானது. வெட்டிய நிலம் காட்டைவிட அதிக விலைக்குப் போகும். அதை ஆக்கிரமித்து வைத்திருக்க மலிவான வழி நாலு மாட்டை விடுவது. புறம்போக்கில் வேலி போட்டு, இரண்டு தென்னங்கன்று நட்டு, பிறகு பட்டா கேட்பதை நாம் பார்த்ததில்லையா? அதையே ஆயிரம் மடங்கு பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இது புரிந்தால் மருந்தும் புரியும். பிரேசிலில் 2004இல் ஒரே ஆண்டில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அமேசான் காடு போனது. ஏறத்தாழ எட்டுத் தஞ்சாவூர் மாவட்டம். 2012இல் அது 4,600 சதுர கிலோமீட்டருக்கும் கீழே வந்தது. செயற்கைக்கோளில் பார்த்து உடனுக்குடன் ஆளை அனுப்பினார்கள், பெரும் பரப்புகளைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகவும் பழங்குடியினர் நிலமாகவும் அறிவித்தார்கள், சட்டவிரோதமாக வெட்டியவர்களுக்கு வங்கிக் கடனை நிறுத்தினார்கள். 2006இல் பெரிய சோயா வியாபாரிகள், புதிதாகக் காடழித்த நிலத்தில் விளைந்ததை வாங்கமாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு அரசியல் மாறியது, பிடி தளர்ந்தது, 2021இல் மீண்டும் 13,000 சதுர கிலோமீட்டரைத் தொட்டது. அடுத்து ஆட்சி மாறியபோது திரும்ப இறங்கியது. நிலத்தைப் பாதுகாத்தால் காடழிப்பு நிற்குமா என்று கேட்டீர்களே, நிற்கும். கை விட்டால் திரும்ப வரும்.

கோஸ்டாரிகா இன்னொரு வழியில் போனது. 1996இல் ஒரு வனச் சட்டம் போட்டு, எரிபொருள் வரியிலிருந்து பணம் எடுத்து, தன் நிலத்தில் காட்டை விட்டுவைக்கும் விவசாயிக்கு ஆண்டுதோறும் கொடுத்தது. 1980களில் நாட்டில் கால்பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்த காடு இப்போது பாதிக்கு மேல். பணம் மட்டும் காரணமல்ல, காட்டை வெட்டி வேறு பயனுக்கு மாற்றுவதையும் அதே சட்டம் தடுத்தது.

நம் காவிரியின் தலைமாட்டிலேயே சட்டம் எதிர்த்திசையில் வேலை செய்வதைப் பார்க்கலாம். குடகில் காபித் தோட்டங்கள் நாட்டு மரங்களின் நிழலில் வளர்ந்தவை. ஆனால் அங்கே சில வகை நிலங்களில் நிலம் தோட்டக்காரருடையது, நாட்டு மரம் அரசினுடையது. தான் வளர்த்த மரத்தை வெட்டி விற்க முடியாதவர் என்ன செய்வார்? எளிதாக வெட்டி விற்கக்கூடிய சில்வர் ஓக் என்ற வெளிநாட்டு மரத்தை நடுவார். அப்படித்தான் நாட்டு மரங்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்தன. மரத்தைக் காப்பதற்கென்று இருந்த விதியே மரத்தை மாற்றிவிட்டது. மேட்டூரில் ஜூன் 12 அன்று திறக்க என்ன தண்ணீர் இருக்கிறது என்பதில் குடகின் மழைக்கும் மண்ணுக்கும் பங்கு உண்டு. ஆக, குறுவை போடும் மன்னார்குடி விவசாயிக்கும் குடகின் மர உரிமைச் சட்டத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. மேட்டூரிலிருந்து வரும் நல்ல தண்ணீர் கடைமடையைத் தாண்டிக் காயலுக்குப் போவதும் குறைந்துவிட்டது. முத்துப்பேட்டையில் பெரும்பகுதி வெண்கண்டல் என்ற ஒரே இனமாக நிற்பதற்கு அதனால் ஏறிய உப்பும் ஒரு காரணம்.

கடற்கரையில் 1990களின் இறால் பண்ணைகளைச் சொல்லாமல் விட முடியாது. தாய்லாந்து, ஈக்வடார் போன்ற நாடுகளில் இறால் குட்டைக்காக அலையாத்தியையே வெட்டினார்கள். நம்மிடம் காடு வனத்துறையின் ஒதுக்குக் காடாக இருந்ததால் பெரும்பாலும் தப்பியது. முன்பு கூப்பு வெட்டிய அதே ஒதுக்கீடு இந்த முறை காப்பாற்றியது. அடி வாங்கியது நெல்வயலும் சதுப்பும் குடிநீர்க் கிணறும். கடல்நீரை உள்ளே ஏற்றிக் கட்டினால் பக்கத்து வயலுக்கு உப்பு கசியும். நோய் வந்து பண்ணையைக் கைவிட்டால் சீமைக் கருவேலம் வந்து உட்காரும். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை, பாரம்பரிய முறைகள் நீங்கலாக, அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மறுநாள் 12ஆம் தேதி, கோதவர்மன் என்பவர் தொடுத்த வன வழக்கில், பதிவேட்டில் யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான் என்ற உத்தரவு வந்தது. இரண்டே நாளில் இரண்டும். ஆனால் இறால் தீர்ப்பு முழுமையாக அமலாகவில்லை. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பண்ணைகளுக்கு உரிமம் பெறும் வழியைத் திறந்தது. ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்ததையும் இதோடு சேர்த்தே நான் பார்க்கிறேன். வயலில் பங்கு உள்ளவர்தான் வயலுக்காக நீதிமன்றம் வரை போவார்.

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றைத் தடுக்கிறது. நல்ல காரியம், பல ஆண்டுப் போராட்டத்தில் கிடைத்தது. ஆனால் ஏற்கெனவே இயங்குபவை தொடர்கின்றன, இறால் பண்ணை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை, வயல் மனையாவதும் நிற்கவில்லை.

அலையாத்தி சுனாமியைத் தடுத்ததா என்றும் யாராவது கேட்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று பிச்சாவரம் பகுதியில், மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஊரின் உயரமும் கடலிலிருந்து இருந்த தூரமும்தான் காரணம் என்று வேறு சிலர் வாதிட்டார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. எனக்குக் கவலை தந்தது அதன் பின் நடந்தது. கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள், மணல்மேட்டின் மேலேயும். மணல்மேடுதான் கடலுக்கு முதல் அணை. அதற்குரிய அடும்பங்கொடியையும் புல்லையும் விட்டுவிட்டு ஒரே மரத்தை வரிசையாக நட்டால் அதைக் காடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கோடியக்கரையில் இந்தக் குழப்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1967இல் சரணாலயமான இடம், 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் பாலையும் நாவலும் நிற்கும் காடு, மறுபக்கம் வெளிமான் மேயும் புல்வெளி. புல்வெளிக்குள் சீமைக் கருவேலம் புகுந்தது. மானும் குதிரையும் மாடும் அதன் நெற்றைத் தின்று விதையைப் பரப்புகின்றன. இங்கே நிலத்தைக் காப்பது என்றால் மரத்தை எடுப்பது. அதையும் தூரோடு எடுக்க வேண்டும், எடுத்த பிறகும் ஆண்டாண்டாகக் கன்றைப் பிடுங்க வேண்டும். ஒரு தடவை பொக்லைன் விட்டுக் கிளறிவிட்டுப் போனால் புல் போய், புதைந்திருந்த விதையெல்லாம் முளைக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், கிராம நிலக் கணக்குகளான உங்கள் ஊர் அடங்கலிலும் 'அ' பதிவேட்டிலும் தொடங்குங்கள். மேய்ச்சல் தரிசு, நீர்நிலைப் புறம்போக்கு, கோயில் நிலம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். பிரேசிலில் நடந்ததும் நம்ம ஊரில் நடப்பதும் அங்கேதான் சந்திக்கும். அந்த நிலத்தை வேறு வகையாக மாற்றக் கேட்டு மனு வந்தால் கிராம சபையில் எழுந்து பேச அந்தத் தாள் போதும்.

அப்புறம் ஒரு நாள் முத்துப்பேட்டைக்குப் போங்கள். ஜாம்புவானோடையில் வனத்துறைப் படகு இருக்கிறது, முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ஓதம் இறங்கும் நேரமாகப் பார்த்துப் போனால் நல்லது. கிளை வாய்க்கால்களிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வெளியே வடிவதைப் பார்க்கலாம். எந்த வாய்க்காலில் வண்டல் ஏறி அடைத்திருக்கிறதோ, அதன் கரையில் கன்று வாடியிருக்கும். அதை எண்ணிக்கொண்டு வாருங்கள். தூர்வார வேண்டிய வாய்க்கால் எத்தனை என்று ஊராரிடமும் வனத்துறையிடமும் சொல்ல அந்தக் கணக்கு உதவும்.